எந்த லவுஞ்சில் உட்காருவது?

முதல் வகுப்பில் ஆகாய விமானப் பிரயாணம் செய்கிற கனவான்களுக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. விமானம் ஏறுவதற்கு முன்னால் எந்த லவுஞ்சில் உட்காருவது என்பதே அந்தக் கஷ்டம். சிரிக்காதீர்கள், தோழர்களே! இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். யோசனை சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஒரே விமான நிலையத்தில் மூன்று நான்கு லவுஞ்சுகள். கையில் இருக்கும் டிக்கெட்டோ அத்தனைக்குள்ளும் நுழைய உரிமை தருகிறது. எதை விட்டு எதைப் பிடிப்பது?

லவுஞ்சு என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ரயில் நிலையங்களில் முதல் வகுப்பு வெயிட்டிங் ரூம் இருந்ததே, அதன் பேரப்பிள்ளைதான் இது. 1939ல் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி தனக்கு வேண்டிய பெரிய மனிதர்களுக்கென்று ஒரு கூடத்தைத் திறந்தது. விமானக் கம்பெனிகளின் லவுஞ்சு வம்சம் அங்கே தொடங்கியது. காத்திருப்பது எல்லாப் பிரயாணிக்கும் பொது. ஆனால் ஜனங்களோடு ஜனங்களாகக் காத்திருக்கக் கூடாது என்பதற்காக எழுப்பிய சுவர்தான் லவுஞ்சு.

இந்தச் சுவர் நமக்குப் புதிதல்ல. 1917ல் காந்தியடிகள் மூன்றாம் வகுப்பு ரயில் பிரயாணிகள் படும் பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதினார். நம் தென்னாட்டு ரயில் நிலையங்களின் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்றிருந்த ஏற்பாடு, கிளர்ச்சி நடந்த பிறகு 1941ல்தான் ஒழிந்தது. மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே 1974ல் எடுத்துவிட்டார்கள். பெயர் போயிற்று; சுவர் விமான நிலையத்துக்கு இடம் மாறிக்கொண்டது.

சரி, கனவான் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்? அதையும் பார்த்துவிடுவோம். விஷயம் அதில்தான் இருக்கிறது.

முதலில் அவர் பார்ப்பது, யார் நடத்தும் லவுஞ்சு என்பது. விமானக் கம்பெனி தன் சொந்த ஊரில் தானே நடத்துவது உசத்தி. வெளியூரில் கூட்டாளிக் கம்பெனி நடத்துவது அதற்கு அடுத்தபடி. குத்தகைக்காரர் நடத்தி, வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் எல்லாரும் நுழைவது கடைசி. நம் நாட்டில் சில அட்டைகளைத் தேய்த்தால் 2 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். அதனால் வாசலில் கியூ நின்றது. கியூவில் நிற்பதற்கா முதல் வகுப்பு?

அடுத்தது சாப்பாடு. தட்டை எடுத்துக்கொண்டு தானே போய்ப் போட்டுக்கொள்வதா, உட்கார்ந்த இடத்துக்கு வருமா? அதற்கடுத்தது குளியல், படுக்கை. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் லுப்தான்சா கம்பெனி 2004ல் முதல் வகுப்புக்காரர்களுக்கென்றே ஒரு தனிக் கட்டடத்தைத் திறந்தது. அங்கே குளிக்கத் தொட்டி உண்டு. தொட்டியில் மிதக்கவிட ரப்பர் வாத்துப் பொம்மை உண்டு. சுருட்டுக் குடிக்க ஓர் அறை உண்டு. விமானம் தயாரானதும் ஆள் வந்து சொல்வான். காரில் ஏற்றி விமானத்தின் காலடியில் கொண்டுபோய் இறக்குவார்கள். துபாயிலோ ஒரு முனையத்தின் மாடி ஒன்றையே முதல் வகுப்புக்கு ஒதுக்கிவிட்டார்கள். லவுஞ்சிலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்துவிடலாம்.

கடைசியாக, தூரம். ஹாங்காங்கில் கேத்தே பசிபிக் கம்பெனி முதல் வகுப்புக்கு இரண்டு லவுஞ்சுகள் கட்டியது. ஒன்று, சோதனை முடிந்தவுடனே கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. மற்றதற்கு வெகுதூரம் நடக்க வேண்டும். ஆனால் அதுதான் நல்லது என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். பக்கத்தில் இருப்பதா, தூரத்தில் இருக்கும் நல்லதா? இந்த வழக்கு வருஷக்கணக்காக நடந்தது!

இத்தனையும் நான் செல்போனில் படித்துத் தெரிந்துகொண்டது எங்கே தெரியுமா? ஒரகடம் கூட்டுரோட்டில், விடியற்காலை ஐந்து மணி அடிக்குமுன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் ரோடும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் ரோடும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. மேம்பாலத்துக்குக் கீழே, கடை வாசலில், கால்வாய்க் கட்டையில், மண்ணில் என்று எங்கும் தொழிலாளர்கள். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சற்று நேரத்தில் அதே இடத்தில் வந்து இறங்கி, ஊர் பஸ்ஸுக்கு நிற்பார்கள். வந்தவாசி, செய்யாறு, திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களோடு ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள். கனரக லாரிகள் காதைக் கிழித்துக்கொண்டு போகின்றன. நிழற்குடை சில இடங்களில் உண்டு. ஆனால் கம்பெனி பஸ் நிற்கும் இடமெல்லாம் நிழற்குடை உள்ள இடமல்ல.

பக்கத்தில் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். காண்டிராக்டில் வேலை. நான் படிப்பதை எட்டிப் பார்த்தாள். சொன்னேன். தொட்டிக் குளியல், வாத்துப் பொம்மை, உட்கார்ந்த இடத்துக்கு வரும் சாப்பாடு, எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"அங்க உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கும் அவங்களுக்குச் சம்பளம் உண்டா, அண்ணா?"

அர்த்தமுள்ள கேள்வி! முதல் வகுப்பு டிக்கெட்டைச் சொந்தப் பணத்தில் வாங்குகிறவர் எத்தனை பேர்? பெரும் பகுதி கம்பெனி கணக்கில் போகும் 'பிரயாணச் செலவு'. டைரக்டர் வேலையாகப் போகிறார். லவுஞ்சில் அவர் சாய்ந்திருக்கும் நேரமும் வேலை நேரந்தான். அந்தச் செலவு முழுவதையும் கழித்துவிட்டுத்தான் கம்பெனி லாபக் கணக்குக் காட்டி வரி கட்டும்.

இவள் கணக்கைப் பாருங்கள். போகும்போது முக்கால் மணி நேரம் நிற்கிறாள். வரும்போது முக்கால் மணி. மாதம் 26 நாள் என்றால் 39 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஐந்து நாள்! மாதம் ஐந்து நாள் இவள் முதலாளிக்காக ரோட்டில் நிற்கிறாள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வரும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. இந்த நாட்களுக்குக் கூலி இல்லை, பெயர்கூட இல்லை. எந்தப் புத்தகத்திலும் இது ஏறுவதில்லை.

பழைய பாக்டரிச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1948ம் வருஷத்துச் சட்டம். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்ய வேண்டும் என்றது 44வது பிரிவு. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வறையும் சாப்பாட்டு அறையும் குடிநீரும் இருக்க வேண்டும் என்றது 47வது பிரிவு. சும்மா வந்த பிரிவுகளா இவை? எத்தனை வேலைநிறுத்தங்கள் அதற்குப் பின்னால்! அந்தச் சட்டத்தையும் சேர்த்து 29 சட்டங்களை ஒதுக்கிவிட்டு, 2025 நவம்பர் 21ல் நாலு தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்தது மத்திய சர்க்கார். அதன் கதையைத் தனியாகத்தான் பேச வேண்டும். இங்கே நான் சொல்ல வருவது வேறு. ஓய்வறை பற்றிய பழைய விதி கேட்டுக்கு உள்ளே மட்டும்தான் பேசியது. ஆயிரக்கணக்கான தொழிலாளரை எழுபது எண்பது மைல் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பஸ் வைத்து வரவழைக்கும் ஏற்பாட்டை 1948ல் யார் கண்டார்கள்? இன்றைக்கு ஆலை என்பது கேட்டோடு முடிகிறதா? கூட்டுரோடும் ஆலையின் முற்றந்தானே! முற்றத்தில் நிற்பவருக்குக் கூரை போடுவது யார் பொறுப்பு?

'பஞ்சாயத்து பார்க்கட்டும்' என்கிறது கம்பெனி. 'நெடுஞ்சாலைத் துறையைக் கேளுங்கள்' என்கிறது பஞ்சாயத்து. 'சிப்காட் எல்லைக்குள் வராது' என்று பதில் வருகிறது இன்னொரு ஆபீசிலிருந்து. கூட்டுரோட்டில் டீக்கடை பெஞ்சு ஒன்றுதான் யாரையும் கேட்காமல் இடம் கொடுக்கிறது. அதற்கும் ஒரு டீ வாங்க வேண்டும். (நான் இரண்டு வாங்கினேன்.)

இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செய்யப்படும் ஒரு பொருளுக்கு மட்டும் காத்திருப்பு என்பதே கூடாது என்று சர்க்கார்கள் ஓடியாடி வேலை செய்தன. அதையும் கேளுங்கள். 2025 மார்ச்சிலிருந்து அமெரிக்கச் சுங்க வரிக்கு முந்திக்கொள்ள, சரக்கு விமானங்களை அமர்த்திச் சென்னையிலிருந்து சுமார் 600 டன் ஐபோன்களை, அதாவது 15 லட்சம் போன்கள் வரை, ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றது என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்த ஏப்ரலில் எழுதிற்று. மீனம்பாக்கத்தில் சுங்கச் சோதனைக்கு 30 மணி நேரம் பிடித்து வந்ததை 6 மணியாகக் குறைக்க ஏற்பாடாயிற்றாம். செய்யட்டும், வேலை நடக்க வேண்டியதுதான். ஆனால் பெட்டியில் படுத்திருக்கும் போனுக்கு 24 மணி நேரக் காத்திருப்பை ஒழிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் போனைப் பூட்டிய கைக்கு முக்கால் மணி நேரக் காத்திருப்பைக் குறைக்கத் தெரியவில்லையா? முதல் வகுப்புப் பிரயாணி யார் என்று இப்போது சொல்லுங்கள்!

கையைக் கவனித்த கதை 2021 டிசம்பரில் வெளியே வந்தது. சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட சாப்பாடு. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாட்களில் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார இடம் இல்லாதவர்கள் உட்கார்ந்த இடம் அது! ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது, உலகமெல்லாம் பேச்சாயிற்று. தரையில் படுக்கை, தண்ணீர் வராத கக்கூஸ் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. அதற்குப் பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல் மந்திரி திறந்துவைத்தார். கட்டியது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் அந்தப் பெண்கள் உட்காராமல் இருந்திருந்தால், விடுதி என்ற பேச்சுக்கு இத்தனை அவசரம் வந்திருக்குமா?

2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கூரை விஷயத்தில் அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் அவர்கள் தாங்களே ஒரு பந்தல் போட்டுக்கொண்டார்கள். சர்க்கார் செலவு இல்லை, கம்பெனி செலவு இல்லை. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் போலீசார் அந்தப் பந்தலைப் பிரித்தெறிந்தார்கள். தொழிலாளர்கள் பந்தல் இல்லாமலே உட்கார்ந்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்ய 2025 ஜனவரி 27 வரை, அரை வருஷத்துக்கும் மேல், காத்திருக்க வைத்தார்களே, அந்தக் காத்திருப்புக்கு எந்த லவுஞ்சு?

'உங்களுக்குப் பொறாமை. பணம் கொடுக்கிறவன் சுகப்படுகிறான்' என்று சில நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு நாற்காலி மேல் பொறாமை இல்லை. இரவெல்லாம் விழித்துப் பிரயாணம் செய்கிறவனுக்குச் சாய்ந்துகொள்ள ஓர் இடமும் சுத்தமான கக்கூசும் சூடான சாப்பாடும் வேண்டியதுதான். நான் சொல்வதெல்லாம், அந்தக் கனவான் லவுஞ்சைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கும் ஐந்தாறு விஷயங்களையும் எழுதி, இரவு ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியிடம் நீட்டுங்கள். அவன் தேவையும் அதே பட்டியல்தான். கூட்டம் நெரியக் கூடாது. உட்கார வேண்டும். முகம் கழுவத் தண்ணீர் வேண்டும். சாப்பாடு கெட்டிருக்கக் கூடாது. வண்டி எப்போது வரும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதுவரை ரோட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கக் கூடாது. இதில் எது ஆடம்பரம்? வாத்துப் பொம்மை ஒன்றைத் தவிர!

முடியாத காரியம் என்பதும் பொய். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெரு ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்ற பெண்கள் 'உட்கார விடு' என்று கிளம்பினார்கள். ஊர் சிரித்தது. 2018ல் அந்த ராஜ்ய சர்க்கார் சட்டத்தைத் திருத்தியது. 2021ல் நம் சட்டசபையும் கடை, நிறுவனச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கடைச் சிப்பந்திகள் ஒவ்வொருவருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்றது. 2025 ஜூனில் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில், வீடு வீடாகச் சாப்பாடும் சாமானும் கொண்டு போகும் தொழிலாளருக்குக் குளிர்சாதனம் போட்ட ஓர் ஓய்வுக்கூடத்தைத் திறந்தது; இருக்கை, கக்கூஸ், செல்போனுக்கு மின்சாரம் எல்லாம் உண்டு. முதலாளித்துவத்தின் சொர்க்கம் என்று புகழப்படும் துபாயிலேயே பஸ் நிறுத்தங்களுக்குக் குளிர்சாதனம் வைத்திருக்கிறார்கள். அண்ணா நகருக்கு வந்தது ஒரகடத்துக்கு வர எத்தனை நேரம் ஆகும்? முப்பது மைல்கூட இல்லை.

இதற்கிடையில் இதே காஞ்சிபுரம் ஜில்லாவில் பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 13 கிராமங்கள், 5,700 ஏக்கருக்கு மேல், ஏரியும் நஞ்சையும் கால்வாயும் அதில் அடக்கம். ஏகனாபுரம் ஜனங்கள் அன்று முதல் மாலைதோறும் கூடி உட்கார்ந்தார்கள். ஆயிரம் நாளையும் தாண்டினார்கள். கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. விமான நிலையம் எங்கே வேண்டும், எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பது பெரிய வாதம். அதை நான் இங்கே தீர்த்துவிட முடியாது. ஆனால் வருஷத்துக்கு 10 கோடிப் பிரயாணிகள் வரை என்று போட்ட திட்டத்தில், பிரயாணி காத்திருக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக் கணக்கு இருக்கும். கூட்டுரோட்டில் நிற்பவருக்கு எந்தத் திட்டத்தில் எத்தனை சதுர அடி? இந்தக் கேள்வியையாவது கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா?

ஆகவே கோரிக்கையைத் திட்டமாக எழுதுவோம். ஒரகடம் கூட்டுரோடு, சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, மாம்பாக்கம் ஆகிய இடங்களில் கூரையும் மின்விசிறியும் பெஞ்சும் போட்ட கூடம். பெண்களுக்குத் தனிக் கக்கூஸ், இரவெல்லாம் விளக்கும் தண்ணீரும். கம்பெனி பஸ் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். தாமதமானால் செல்போனில் செய்தி வர வேண்டும். செலவு தொழிலாளர் எண்ணிக்கைப்படி கம்பெனிகளுடையது. சிப்காட் அந்தக் கம்பெனிகளிடம் பராமரிப்புக் கட்டணம் வாங்கத்தான் செய்கிறது. பஸ் தாமதமானால், ஷிப்டு முடிந்த பிறகு நிற்க வைக்கும் நேரத்துக்குக் கூலி. இந்தக் கடைசி வரிதான் அவர்களுக்குக் கசக்கும். அதனால்தான் அதை விடக் கூடாது. கூலி கொடுக்க வேண்டும் என்று வந்தால் பஸ் தானே நேரத்துக்கு வரும்.

பட்டியலை அந்தப் பெண்ணிடம் வாசித்தேன். "கக்கூஸுக்கு உள்ளே தாழ்ப்பாள்னு எழுதுங்க அண்ணா. கதவு இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது" என்றாள். சேர்த்துக்கொண்டேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். தலைக்கு மேலே மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய ஒரு விமானம் மேற்கே போயிற்று.

மே முதல் தேதி கிராம சபை கூடும். கூட்டுரோட்டைச் சுற்றியுள்ள பஞ்சாயத்துக்களில் வாடகைக்குக் குடியிருக்கும் தோழர்களும் போங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இடம் யாருடையது என்று கேட்டு இழுத்தடிப்பார்கள். நெடுஞ்சாலைத் துறை, சிப்காட் இரண்டின் பெயரையும் தீர்மானத்தில் எழுதுங்கள். நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளை மறந்துவிடாதீர்கள்.